பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கில் கியர் இறுகினால்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ஜப்பானில் செய்த 250 சீசீ ஸ்போர்ட்ஸ் பைக்குகள் நம் ஊரில் இன்னும் ஓடுகின்றன. ஹோண்டா சீபிஆர், யமஹா எஃப்ஸீஆர், கவாசாகி இஸட்எக்ஸ்ஆர். என்னிடமும் 1990இல் வந்த எம்சி22 வகை சீபிஆர் ஒன்று இருக்கிறது. வீடு கல்லடியில், வீதி ஓரத்தில். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்: “அண்ணே, கியர் விழுதில்ல.” அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கியர் இறுகிவிட்டது. கியர் பொக்ஸ் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. உங்கள் காலுக்கும் எஞ்சினுக்குள் இருக்கும் பல்சக்கரங்களுக்கும் நடுவில் நிறைய உறுப்புகள் உண்டு. லீவர், லீவரிலிருந்து போகும் கம்பி, அந்தக் கம்பியைப் பிடித்திருக்கும் குட்டிக் கை ஆகிய மூன்றும் வெளியே இருக்கின்றன. அடுத்தது எஞ்சினுக்குள் நுழையும் கியர் ஷாஃப்ட். அதன் கொக்கி டிரம்மைத் திருப்பும். டிரம்மின் பள்ளங்களில் ஓடும் ஃபோர்க்குகள் பல்சக்கரங்களை இடம் வலமாகத் தள்ளும். இவை எல்லாம் சரியாக இருந்தும் கிளச் முழுதாக விடாவிட்டால் கியர் விழாது.

கியர் பொக்ஸ் இந்த வரிசையில் கடைசி ஆள். முதல் ஆளிடம் விசாரிக்காமல் நேரே கடைசி ஆளின் சட்டையைப் பிடிப்பதால்தான் காசு கரைகிறது.

வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

எஞ்சினை நிறுத்துங்கள். சாவியையும் எடுத்துவிடுங்கள். இந்தப் பைக்குகளுக்கு டபுள் ஸ்டாண்ட் கிடையாது. அதனால் ஒருவர் பைக்கை நிமிர்த்திப் பிடித்து, கிளச்சை அமுக்கிக்கொண்டு, ஒரு முழம் முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்கட்டும். நீங்கள் குனிந்து, காலால் இல்லாமல் கையால் லீவரை ஏற்றி இறக்குங்கள். கால் முரடு, அதற்கு நுணுக்கம் தெரியாது. லீவர் எங்கே முட்டுகிறது, எங்கே வெறுமனே ஆடுகிறது என்பதைக் கைதான் சொல்லும்.

லீவர் அசையவே இல்லையென்றால் எதிலோ முட்டுகிறது, அல்லது ஆணியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அசைகிறது, ஆனால் திரும்பி நடுவுக்கு வராமல் தொங்குகிறது என்றால் உள்ளே இருக்கும் திரும்பல் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். லீவர் அசைந்தும் எஞ்சினுக்குள் போகும் ஷாஃப்டின் முனை அசையாவிட்டால், பிடிப்பு கழன்றிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. இப்படி அசைக்கும்போது ஆறு கியரும் ஒழுங்காக ஏறி இறங்கி, எஞ்சின் ஓடும்போது மட்டும் இறுகுகிறதா? அப்படியானால் குற்றவாளி கிளச்.

இந்த ஐந்து நிமிட வேலையிலேயே முக்கால்வாசி விடை கிடைத்துவிடும். சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டி வந்தால் டயரைப் பிடித்துச் சுழற்றுங்கள். செயின் பக்கம் விரல் போகக் கூடாது.

சந்தியில் நின்றபின் ஐந்தாம் கியரிலிருந்து கீழே இறங்க மாட்டேன் என்கிறது. ஏன்?

இது பழுதே இல்லை. இந்தக் கியர் பொக்ஸில் எல்லாப் பல்சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று கடித்தபடியேதான் இருக்கும். கியர் மாறுவது பல் கடிப்பதால் அல்ல. சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் தடித்த முளைகள் பக்கத்துச் சக்கரத்தின் குழிகளுக்குள் போய் விழும், அதுதான் கியர் மாற்றம். பைக் ஓடும்போது இந்த இரண்டு பல்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதால் முளைக்கு எதிரே குழி வந்துகொண்டே இருக்கும். நின்றுவிட்டால் முளைக்கு எதிரே முளை நின்றுவிடலாம். பூட்டிய கதவில் எவ்வளவுதான் தள்ளினாலும் என்ன பயன்?

கிளச்சைக் கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள், அல்லது பைக்கை அரை அடி உருட்டுங்கள். ‘கடக்’ என்று விழும். விழாத நேரத்தில் காலால் உதைப்பவர்கள்தான் ஃபோர்க்கை வளைக்கிறார்கள்.

நிற்பதற்கு முன்பே, உருண்டு வரும்போதே, ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வருவது நல்ல பழக்கம். காத்தான்குடி நெரிசலில் இது சுலபமில்லை, எனக்கும் தெரியும்.

என் கவாசாகியில் நிற்கும்போது முதலாம் கியரிலிருந்து இரண்டுக்குப் போகவே இல்லை. நியூட்ரலோடு நின்றுவிடுகிறது.

அதைக் கழற்றிவிடாதீர்கள்! நிஞ்ஜா 250 உட்படப் பல கவாசாகிகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பல்சக்கரத்தில் சின்ன இரும்புக் குண்டுகள் இருக்கும். வண்டி நிற்கும்போது அவை வழியை மறித்து, லீவரை நியூட்ரலுக்கு மேல் போக விடாது. வண்டி உருளத் தொடங்கியதும் சுழற்சியில் குண்டுகள் வெளிப்பக்கம் ஒதுங்கி வழி விடும். இது தெரியாமல் ஒருவர் கிளச் கவரையே கழற்றிவிட்டு என்னிடம் வந்தார். கவரை மாட்ட உதவினேன், பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்.

எஞ்சின் நிற்கும்போது கியர் எல்லாம் விழுகிறது. ஸ்டார்ட் பண்ணினால் கல் மாதிரி இறுகுகிறது.

கிளச் முழுதாக விடவில்லை. நீங்கள் கிளச் லீவரை அமுக்கியும் எஞ்சினின் இழுப்பு இன்னும் கியர் பொக்ஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த இழுப்பு முளையையும் குழியையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருக்கும், அதனால் கழலாது. சமதரையில் கிளச்சை முழுதாக அமுக்கி முதலாம் கியர் போட்டுப் பாருங்கள். பைக் தானாக முன்னால் ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் கேபிளைப் பாருங்கள். கிளச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் லீவரின் முதல் தூரம் வீணாகிறது, கிளச் பாதிதான் திறக்கிறது. சரிசெய்ய இரண்டு இடம் உண்டு: கைப்பிடி ஓரத்தில் ஒன்று, எஞ்சின் ஓரத்தில் ஒன்று. கைப்பிடிப் பக்கத் திருகை நடுவில் வைத்துவிட்டு, பெரிய திருத்தத்தை எஞ்சின் பக்கத்தில் செய்யுங்கள். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் கிளச் வழுக்கித் தேயும்.

கேபிளின் முனையில் ரப்பரை ஒதுக்கிப் பார்த்தால் நூல் நூலாகப் பிரிந்திருப்பது தெரியும். நான்கைந்து நூல் அறுந்திருந்தாலே மாற்றிவிடுங்கள், அது வாகரைப் பக்கம் போகும்போதுதான் முழுதாக அறும்.

கேபிள் சரி, ஆட்டமும் சரி, இன்னும் இழுக்கிறது என்றால் வலப்பக்கக் கவரைக் கழற்ற வேண்டும். உள்ளே இரண்டு சங்கதிகள். இரும்புத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டையான கண்ணாடியில் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். 0.3 மில்லிமீற்றர் நுழைந்தால் தட்டு வளைந்திருக்கிறது. அடுத்தது கிளச் கூடை. உராய்வுத் தட்டுகளின் காதுகள் உட்காரும் அந்த விரல்களை உங்கள் நகத்தால் மேலிருந்து கீழே வருடிப் பாருங்கள். 30 வருட பைக்கில் நகம் படிப்படியாகத் தடுக்கும். ஒவ்வொரு தட்டும் தனக்கென்று ஒரு பள்ளம் தோண்டி வைத்திருக்கும். கிளச்சை அமுக்கும்போது தட்டுகள் வழுக்கி விலகாமல் அந்தப் பள்ளத்திலேயே மாட்டிக்கொள்ளும். பள்ளம் மெல்லியதாக இருந்தால் சின்ன அரத்தால் ராவி மட்டமாக்கலாம். ஆழமாக இருந்தால் கூடையை மாற்றுவதே சரி.

எஞ்சின் சூடானால் மட்டும் நியூட்ரல் கிடைக்கவில்லை.

அதே வியாதியின் ஆரம்பம்தான். மேலே சொன்ன கேபிள் வேலையைச் செய்யுங்கள், ஒயிலையும் மாற்றுங்கள். அதுவரை, நிற்பதற்குச் சற்று முன்பே உருளும்போது நியூட்ரலுக்கு விட்டுவிடுங்கள்.

என்ன ஒயில் விட வேண்டும்? கார் ஒயில் நல்லது என்கிறார்களே?

கார் ஒயில் வேண்டாம். இந்தப் பைக்குகளில் எஞ்சின், கியர், கிளச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் குளிக்கின்றன. புதுக் கார்களுக்கான பல ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும், அது கிளச்சை வழுக்க வைக்கும். போத்தலில் ‘ஜாஸோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்ற தரக்குறி இருக்க வேண்டும். ‘எம்பி’ என்றால் அது ஸ்கூட்டிக்கு. நம் வெயிலுக்கு 10டபிள்யூ-40 போதும். தேய்ந்த எஞ்சினென்று நினைத்துத் தடித்த ஒயில் விட்டவர்களுக்குக் காலையில் முதலாம் கியர் ‘டொங்’ என்று விழும். தடித்த ஒயில் தட்டுகளை ஒட்டி வைத்துக்கொள்கிறது, வேறொன்றுமில்லை.

பைக் இடப்பக்கம் விழுந்தது. அதன் பிறகுதான் கியர் இறுகிவிட்டது.

இதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் என் கைக்காசில் படித்தேன். சில வருடங்களுக்கு முன் மழைக்குள் வளைவில் திரும்பும்போது மணலில் சறுக்கி இடப்பக்கம் சாய்ந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, பைக்குக்குக் கண்ணாடி உடைவு. எழும்பி ஸ்டார்ட் பண்ணினால் இரண்டாம் கியருக்கு மேல் ஏறவில்லை. கொண்டுபோன கராஜில் பார்த்த உடனேயே “போர்க் வளைஞ்சிட்டு, எஞ்சின் இறக்கணும்” என்று சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். எஞ்சினை இறக்கி, பிரித்து, எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்து, மீண்டும் பூட்டினார்கள். கியர் அப்போதும் ஏறவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்னேர வெளிச்சத்தில் பைக்குக்கு அருகே தரையில் படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. லீவர் உள்பக்கம் ஒரு விரலளவு வளைந்திருக்கிறது. மேலே தூக்கும்போது அது செயின் கவரின் விளிம்பில் முட்டுகிறது. கவரின் கறுப்புப் பூச்சில் நகக்கீறல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான் அடையாளம். லீவரைக் கழற்றி வைஸ் இடுக்கியில் வைத்து நிமிர்த்த அரை மணி நேரம் போனது.

ஆகவே விழுந்த பைக்கில் முதலில் லீவர், அப்புறம் கம்பி, அதற்குப் பிறகுதான் ஷாஃப்ட். லீவரைப் பைக்கில் வைத்தபடியே நெம்பி நிமிர்த்தாதீர்கள். நெம்பும் பலம் முழுவதும் ஷாஃப்டுக்குப் போய், நல்லதும் வளைந்துவிடும். அலுமினிய லீவரென்றால் நிமிர்த்தும்போது வெடிக்கவும் கூடும், அதை மாற்றுவதே மேல். ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, பிடிப்பைக் கழற்றிவிட்டு அதன் முனையை மெல்ல இரண்டு பக்கமும் திருப்புங்கள். முனை ஒரே இடத்தில் சுழலாமல் வட்டமடித்தால் வளைவு. பக்கத்தில் ஒயில் கசிந்தால் சீலும் போயிருக்கிறது.

கம்பியைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: அதன் ஒரு முனையில் மரை தலைகீழ். அந்தப் பக்க நட்டை வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். இன்னும் பலம் கொடுத்தால் மரை போய்விடும்.

லீவர் மேலும் கீழும் சும்மா ஆடுகிறது. கியர் மாறவில்லை.

ஷாஃப்டைக் கவ்வியிருக்கும் குட்டிக் கையின் போல்ட் தளர்ந்திருக்கும். 10ஆம் நம்பர் ஸ்பனரால் இறுக்கிப் பாருங்கள். போல்டை முழுதாகக் கழற்றி, உள்பற்கள் பளபளவென்று மழுங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கையின் பற்கள்தான் முதலில் தேயும், ஷாஃப்ட் கெட்டியான இரும்பு. கையை மட்டும் மாற்றினால் போதும்.

தயவுசெய்து ஷாஃப்டோடு சேர்த்து வெல்டிங் வைக்க விடாதீர்கள். இந்த வேலையை நம் பக்கத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன். அந்தச் சூட்டில் சீல் கருகும். பிறகு பல பைக்குகளில் செயின் கவரைக் கழற்றவும் வழியிருக்காது. முன் பல்சக்கரம் மாற்ற வேண்டிய நாளில் வெல்டிங் வைத்தவரைத் திட்டிக்கொண்டே அரம் போட வேண்டியதுதான்.

லீவரை அமுக்கினால் அப்படியே கீழே கிடக்கிறது, திரும்பி வருவதில்லை.

திரும்பல் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது அந்த ஸ்பிரிங் பிடிக்கும் முளைப் போல்ட் தளர்ந்திருக்கும். இவை சில எஞ்சின்களில் வலப்பக்கம் கிளச்சுக்குப் பின்னாலும், சிலவற்றில் இடப்பக்கமும் இருக்கும். எங்கே இருந்தாலும் கவரைக் கழற்றினால் கைக்கு எட்டும். எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. வலப்பக்கமென்றால் பைக்கை சைட் ஸ்டாண்டில் இடப்பக்கம் நன்றாகச் சாய்த்து வைத்தால் ஒயில் முழுவதையும் இறக்காமலே கவரைத் திறக்கலாம்.

அங்கேயே இன்னொரு சின்ன உறுப்பும் இருக்கும். நட்சத்திர வடிவச் சக்கரத்தின் பள்ளங்களில் ஒரு உருளை விழுந்து விழுந்து எழும், அதை ஒரு ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த ஸ்பிரிங் போனால் கியர் இறுகாது, மாறாக எங்கே நிற்கிறதென்றே தெரியாமல் அலையும், இரண்டு கியர் சேர்ந்து தாவும். திறந்த கையோடு இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுங்கள். கவர் போல்டுகள் 6 மில்லிமீற்றர்தான், அவை பூட்டியிருப்பது அலுமினியத்தில். பலம் காட்ட வேண்டிய இடம் அதுவல்ல.

கடற்கரைக்கு அடிக்கடி போவதால் கியர் இறுகுமா?

இறுகும். லீவர் சுழலும் ஆணியில் உப்புக்காற்று துருவைக் கட்டிவிடும். செயின் கவருக்குள் இன்னும் மோசம். செயினுக்கு அடிக்கும் ஒயிலும் பாசிக்குடா மணலும் சேர்ந்து களி மாதிரிக் கெட்டியாகி, ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். நான் ஒரு எஃப்ஸீஆரில் கரண்டியால் தோண்டி எடுத்திருக்கிறேன், ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய வந்தது. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும். லீவர் ஆணியைக் கழற்றித் துருவைத் தேய்த்து கிரீஸ் பூசுங்கள். கம்பியின் இரண்டு உருண்டை மூட்டுகளுக்கும் கொஞ்சம். மாரி தொடங்குமுன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை செய்தால் இந்தக் கேள்வியே வராது.

செயினை வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டியிருந்தாலும் கியர் முரண்டு பிடிக்கும். கையால் தூக்கினால் இரண்டு விரல் அளவாவது ஆட வேண்டும்.

வெள்ளத்தில் பைக் நின்றது. இப்போது கியர் போட்டால் கிளச் அமுக்கியும் எஞ்சின் நின்றுவிடுகிறது.

முதலில் ஒயிலைப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த நிலையில் எஞ்சினை ஓட்டவே கூடாது. இறக்கி, ஃபில்டரையும் மாற்றி, புது ஒயில் விட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டி, மீண்டும் இறக்குங்கள். நிறம் மாறும்வரை இதைச் செய்ய வேண்டும்.

கிளச் தட்டுகள் ஒட்டியிருந்தால், எஞ்சினை நிறுத்தி வைத்துக் கடைசிக் கியரில் போட்டு, கிளச்சை அமுக்கிக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் உலுக்குங்கள். ‘சட்’ என்று விடும். விடாவிட்டால் கிளச் லீவரைக் கைப்பிடியோடு ரப்பரால் கட்டி ஒரு இரவு விட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கவரைக் கழற்றித் தட்டுகளைப் பிரித்துத் துடைக்க வேண்டியதுதான். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த பைக்குக்கும் இதே வைத்தியம்.

சிலிப்பரோடு ஓட்டுவதால் கியர் சரியாக விழாதா?

சிரிக்காதீர்கள், உண்மைதான். மேலே தூக்கும்போது விரல் வலிக்கிறதென்று பாதியில் விட்டுவிடுகிறோம், கியர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சப்பாத்துப் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கராஜுக்குப் போங்கள்.

நடுவழியில் இறுகிவிட்டால்?

இரண்டிலோ மூன்றிலோ மாட்டியிருந்தால் கிளச்சை நிதானமாக விட்டு ஓடி வீட்டுக்கு வரலாம். முதலாம் கியரென்றால் மெதுவாக. ஐந்து, ஆறில் மாட்டியிருந்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளச்சை எரிப்பீர்கள், பட்டா லொறி பிடிப்பதே மலிவு. வழியில் ‘கரகர’ என்று இரும்பு அரைபடும் சத்தம் வந்தால் ஒரு மீற்றரும் ஓட்டாதீர்கள். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுவது நீங்கள்.

செங்கலடியிலிருந்து மகாஓயா போகும் வீதியில் பின்னேரம் இப்படி ஆனால் பைக்கைப் பற்றி யோசிக்க வேண்டாம். யானை இறங்கும் பக்கம் அது. வருகிற பஸ்ஸையோ லொறியையோ மறித்து ஏறிவிடுங்கள்.

அப்படியென்றால் எஞ்சினை எப்போதுதான் பிரிக்க வேண்டும்?

ஒரே கியர் மட்டும், அதுவும் இழுப்புக் கொடுக்கும்போது, தானாகத் துள்ளி வெளியே வந்தால் முளைகளின் விளிம்பு உருண்டுபோயிருக்கிறது, அல்லது ஃபோர்க் வளைந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டாம் கியர்தான் இப்படிப் போகும். ஒயில் இறக்கும்போது இரும்புத் துண்டு வந்தாலும் அதே முடிவு. ஒயில் போல்டின் காந்தத்தில் ஒட்டும் மாவு போன்ற சாம்பல் தூளுக்குப் பயப்பட வேண்டாம். விரலால் நசுக்கினால் நொறுங்காமல் குத்துகிற துண்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

இந்த நாலு சிலிண்டர் எஞ்சின்களை இறக்கிக் கவிழ்த்து வைத்து, கீழ்ப்பாதியைத் தூக்க வேண்டும். மேலே சிலிண்டர் ஹெட்டைத் தொடத் தேவையிருக்காது. ஹெட்டையும் கழற்றுவோம் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

உறுப்புகள் எங்கே எடுப்பது?

புதிதாகக் கிடைப்பது கஷ்டம். பழைய எஞ்சின் உடைக்கிற கடைகள்தான் கதி. ‘சீபிஆர் 250க்குக் கியர் ஷாஃப்ட்’ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். எம்சி19 வேறு, எம்சி22 வேறு. எஃப்ஸீஆரிலும் 2கேஆர், 3எல்என் என்று பிரிவுகள் உண்டு. சேஸியில் அடித்திருக்கும் எழுத்துகளைத் துடைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கழற்றிய பழைய உறுப்பைக் கையில் கொண்டுபோங்கள், மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்த பிறகு காசைக் கொடுங்கள். கவர் பேக்கிங் கிடைக்காவிட்டால் கவலையில்லை. பேக்கிங் தாளைக் கவரின் மேல் வைத்து, விளிம்பு நெடுக விரலால் அழுத்தி அச்செடுத்து, கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். போல்ட் துளைகளை முதலில் குத்திவிட்டு அதன்பிறகு ஓரத்தை வெட்டுங்கள், தாள் நகராது.